லாரிக் கதவில் இரண்டு தட்டு

முதலில் வலி தெரியவில்லை. என் வலது பாதம்தான் தெரிந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஈர மண்ணில் மல்லாந்து கிடந்தேன். வானத்தைப் பார்க்க வேண்டிய பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, சுண்டுவிரல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால் இரண்டு விரற்கடை குட்டையாகவும் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

கூடியவர்களில் ஒருவர் காலை நேராக்கிவிடக் குனிந்தார். "தொட்டீங்கன்னா கையை உடைச்சிடுவேன். கட்டை வெச்சுக் கட்டித் தூக்குங்க" என்று கத்தினேன். அவர் பயந்துபோய்ப் பின்வாங்கினார். அந்தக் கத்தலுக்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

காலில் எடை கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பூந்தமல்லிப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். குமணன்சாவடி தொடங்கி அயனம்பாக்கம் ஏரிக்கரை வரை உள்ள வீடுகள் என் பொறுப்பு. அதற்குச் சைக்கிள் வேண்டும். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரில் பிரசவப் பையைக் கட்டிக்கொண்டு நான் போவதை வேடிக்கை பார்த்த ஊர், இரண்டு வருடத்தில் அலுத்துப்போய் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அந்தச் சாலையில் ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர்கள் குதித்து, தாரை விட்டு மண்ணில் இறங்கிவிடுவோம். லாரியின் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனர், எங்களைத் தாண்டியதும் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் மறுபடி தாரில் ஏறிக்கொள்வோம். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்பத்தூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், பால்காரர், நான், எல்லோரும் அப்படித்தான். தட்டு விழுந்தால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தம்.

அன்று காலை மழை விட்டிருந்தது. ஒரு பெண் குழந்தையை வெளியே எடுத்துக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். ஹாரன் கேட்டது, இறங்கினேன். ஜல்லி லாரி ஒன்று என்னைத் தாண்டியது. டம், டம். பெடலை மிதித்துத் தாரின் விளிம்பில் ஏறினேன்.

அந்த லாரிக்குப் பின்னாலேயே இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. முதல் லாரியின் இரைச்சலில் அதன் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதன் பக்கப் பலகை என் தொடையில் மோதியது.

முதல் லாரியை ஓட்டியவர் பூந்தமல்லிக்காரர், காசிம் பாய். சத்தம் கேட்டு நிறுத்தி, ஓடிவந்து, லாரியில் கிடந்த பலகையை என் காலோடு சேர்த்துக் கட்டியவர் அவர்தான். சென்னையின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைச் சேர்க்கும்வரை கூடவே இருந்தார்.

அங்கே டிராக்‌ஷன் போட்டார்கள் (முறிந்த எலும்பின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாமலிருக்க, காலில் எடை கட்டி இழுத்து வைப்பது). முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டார்கள். பன்னிரண்டு வாரம். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் "முக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்று அதட்டியவள், பெட்பேனுக்காக இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் வெட்கம் போய்விட்டது, எரிச்சல் மட்டும் மிஞ்சியது. எரிச்சல் நல்லது, அது சாப்பிட வைக்கும். படுக்கைப் புண் (ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதால் தோல் செத்துப்போவது) வராமலிருக்க, மணிக்கொருமுறை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் காசிம் பாய் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் ஏதேதோ பேசினார். கடைசியில் நானே கேட்டேன்.

"பாய், உங்க வண்டியில தட்டினாங்களே, அதைக் கேட்டுத்தானே ஏறினேன். பின்னாடி வண்டி இருக்குன்னு தெரிஞ்சும் எப்படித் தட்டினாங்க?"

அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "இன்னா நர்சம்மா சொல்றீங்க? அந்தத் தட்டு எனக்கு. சைக்கிள் பின்னால போயிடுச்சு, வண்டிய லெஃப்ட்டுல ஒடிக்கலாம்னு சொல்றது. உங்களுக்கு ஆரு தட்டுனா?"

யாரும் தட்டவில்லை. பன்னிரண்டு வருடமாக, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை எனக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. காசிம் பாய் மேல் இல்லை. இறங்கு என்றால் இறங்கி, ஏறு என்றால் ஏறிய என் மேல்தான்.

"அப்ப நாங்க இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றேன்.

"ஓரத்துல ஒண்டிகினு போனீங்கன்னா, இடம் கீதுன்னு நான் நுழைஞ்சிடுவேன். ஒரு முழம் உள்ள வந்து நேரா போங்க. எதிர் வண்டி போற வரிக்கும் பின்னாடியே வந்துதான் ஆவணும் நானு. திட்டுவேன். ஆனா நிப்பேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "திட்டுனா கண்டுக்காதீங்க" என்றும் சொன்னார்.

எலும்பு கூடியது. முழங்கால் மடங்கவில்லை. இத்தனை நாள் நீட்டியே கிடந்ததில் தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். என் காலை மடக்கிப் பார்த்தார். பாதி வழியில் அது முரண்டு பிடித்து நின்றது.

"இதுக்கு மேல பெருசா மடங்காதும்மா. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு எழுதித் தரேன். சைக்கிளை மறந்துடுங்க."

"மறக்க முடியாது டாக்டர். மடங்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு உறுதியாகச் சேர்ந்திருப்பதை மறுபடி சரிபார்த்துவிட்டு, உடற்பயிற்சிப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். நான் அடுத்துச் செய்ததை, அப்படி ஒரு சீட்டு வாங்காமல் நீங்கள் செய்யாதீர்கள்.

வீட்டில் என் கணவர் ஏகாம்பரம் சைக்கிளைக் கோணி போட்டு மூடி வைத்திருந்தார். ஆவடியில் தொழிற்சாலை வேலை அவருக்கு. என் கால் முறிந்த நாளிலிருந்து லாரி என்ற சொல்லையே அவர் வாயில் எடுக்கவில்லை.

"சைக்கிள வித்துடலாம்னு கீறேன்" என்றார்.

"நான் செத்த பெறகு வித்துக்கோ. இப்ப ஸ்டாண்டுல நிறுத்து. சீட்ட மேல ஏத்து."

"இன்னாடி வெளயாடுறியா? ஒரு தபா பட்டது போதாதா? ஊட்டுல கம்முனு கெடயேன்." அவர் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். அழுதுகொண்டே கோணியை இழுத்துப் போட்டேன்.

ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வலது பெடல் கீழே இருக்கும்வரை சிக்கல் இல்லை. மேலே வரும்போது முழங்கால் மறுத்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், முழுச் சுற்று முயலாமல், முன்னும் பின்னுமாகத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டச் சொல்லியிருந்தார். ஆட்டினேன். தினமும் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. தசை கிழிவதுபோல வலிக்கும். வீக்கம் வந்தால் மறுநாள் ஓய்வு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, நர்சம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் என் கையில் பிறந்தவைதானே.

நான்காவது மாதம் ஒரு மாலையில், பெடல் மேலே போய் நின்றது. வழக்கம்போலத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். முழங்காலுக்குள் ஏதோ களுக்கென்றது. பெடல் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டது. பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த ஏகாம்பரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தார். போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

ஆனால் பழைய கால் திரும்பி வரவில்லை. வலது கால் கொஞ்சம் குட்டை. அந்தப் பெடலில் ஏகாம்பரம் ஒரு மரக்கட்டை வைத்துக் கட்டிக்கொடுத்தார். ஹாரன் கேட்டதும் குதித்து இறங்க என்னால் இனி முடியாது. நிறுத்தி, சாய்த்து, இடது காலை ஊன்றி, வலது காலை மெல்ல எடுக்க வேண்டும். இறங்குவதற்கு எனக்கு நேரம் பிடிக்கும். மண்ணில் இறங்கி நின்று வழிவிட்டவளின் உடம்பு போய்விட்டது. இந்த உடம்புக்குத் தார்ச்சாலைதான் இடம்.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அயனம்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது, இடுப்பு வலி கண்டிருக்கிறது என்று. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலையில் பின்னால் ஹாரன் அடித்தது. என் கைகள் தாமாகவே இடது பக்கம் திரும்பப் பார்த்தன. திருப்பவில்லை. ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே, நேராகப் போனேன். வண்டி ஆடாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். மணல் லாரி. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. வலது கையை நீட்டி, பொறு என்று காட்டினேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யம்மா, நட்ட நடு ரோட்டுல இன்னாமா போற? எறங்கு!"

"இறங்க மாட்டேன். பஸ்ஸு போவட்டும், அப்பால தாண்டு!"

திட்டினார். நன்றாகவே திட்டினார். ஆனால் நின்றார். பஸ் போனதும், வலப்பக்கம் நன்றாக ஒதுங்கி, என் முந்தானைகூட அசையாத தூரத்தில் தாண்டிப் போனார். கதவில் இரண்டு தட்டு விழுந்தது. அது அவர்கள் பேச்சு. நான் மறுபடி திரும்பி, பின்னால் சாலையை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். பிறகுதான் அடுத்த மிதி.

முன்பு போவதைவிட அன்று கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, இடது காலை ஊன்றி, வலது காலை மெல்ல எடுத்து இறங்கினேன். குழந்தை இன்னும் பிறந்திருக்கவில்லை.