ஒரிஜினல் ரப்பர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. என் பழைய மொரிஸ் மைனர் காரில், நாங்கள் குடியிருக்கும் மனோர் பார்க்கிலிருந்து பிளேஸ்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்துச் சீட்டில் மனைவி வசந்தி. பின்சீட்டில் சிவம் அண்ணை.

திடீரென்று சிவம் அண்ணையின் சட்டைப் பையிலிருந்து 'கீ... கீ...' என்று ஒரு சத்தம். போன்தான் என்று நினைத்தேன். எடுங்கோ அண்ணை என்றுகூடச் சொன்னேன்.

அவர் எடுத்துப் பார்த்தார். அது போன் இல்லை.

"காரை ஓரமா நிப்பாட்டும். கதவெல்லாத்தையும் திறந்துபோட்டு எல்லாரும் இறங்குங்கோ."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் இன்டிகேட்டர்கூடப் போடாமல் நிறுத்தினேன். வசந்தி குடையைத் தேடினாள். குடையை விட்டுவிட்டு இறங்கச் சொன்னார். யாரோ ஒருவர் வீட்டு மதில் ஓரம் மூவரும் மழையில் நனைந்துகொண்டு நின்றோம்.

என்ன நடந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

வசந்திக்கு நாலைந்து மாதமாகத் தலைவலி. சும்மா தலைவலி இல்லை. வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருவதுபோல இருக்கும், தலை சுற்றும், இருட்டறையில் போய்ப் படுத்துவிடுவாள். கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். தேத்தண்ணியைக் குறைத்துப் பார்த்தோம். டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் மூளையை ஒருமுறை ஸ்கான் எடுத்துப் பார்ப்போமே என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கான் என்ற சொல்லைக் கேட்ட பிறகு ஒரு வீட்டில் நித்திரை வருமா?  ஒருநாள் வசந்தி அலுமாரியைத் திறந்து, எந்த நகை எந்த மகளுக்கு என்று எனக்குச் சொல்லத் தொடங்கினாள். நான் கேட்காதவன் மாதிரி வெளியே போய்விட்டேன். எங்கே போனேன் என்று நினைக்கிறீர்கள்? கார் துடைக்கப் போனேன்!

அந்தக் காரைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் பீற்றியிருக்கிறேன். துருப்பிடித்த கோதாக வாங்கி இரண்டு வருடம் மினக்கெட்டேன். புது பெயின்ட், எஞ்சின் பிரித்துப் பூட்டியது, சீட்டுகளுக்குத் தோல் தைத்தது... எல்லாம் செய்தேன். உள்ளே இருந்த ரப்பர்களை மட்டும் மாற்றவில்லை. கியர் தடி தரையில் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர் உறை உண்டு. பெடல்களுக்கு ரப்பர், கதவைச் சுற்றி ரப்பர், வயர்கள் எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டைகளில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். எல்லாம் கார் பிறந்த நாளில் பூட்டியவை. கறுப்புப் பொலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தேன்.

பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் குனிந்து அந்தக் கியர் ரப்பரைத் தொட்டுப் பார்த்து, 'ஒரிஜினலா!' என்று வியந்தார். ஒரு கிழமை நான் நிலத்தில் நடக்கவில்லை.

வசந்தி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள் - காருக்குள்ளே புகை மணக்கிறது என்று. கொரோனா வந்துபோனதிலிருந்து என் மூக்குப் பாதி வேலைதான் செய்கிறது. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பழைய கார் என்றால் பழைய கார் மணம் இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கார் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாட்டு என்றுதான் உள்ளூர நினைத்தேன்.

தலைவலி சனி ஞாயிறில்தான் வருகிறது என்றும் அவள்தான் கண்டுபிடித்தாள். சனி ஞாயிறில் என்ன செய்கிறோம்? முருகன் கோயில், ஈஸ்ட் ஹாமில் மரக்கறி, கலியாண வீடு, பிறந்தநாள் வீடு... எல்லாவற்றுக்கும் எதில் போகிறோம்? இந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கவேயில்லை.

அடுத்தமுறை போனபோது டொக்டர் ஒன்று கேட்டார். வீட்டில் காஸ் பொய்லர் இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதிலிருந்து நச்சுவாயு கசிந்தாலும் இப்படித் தலையிடிக்குமாம்.

அப்படித்தான் சிவம் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் காஸ் வேலை செய்பவர். ஜேர்மனியில் பல வருடம் அதே தொழில், இப்போது பிளேஸ்டோவில் குடியிருக்கிறார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கருவி செருகியிருக்கும். காபன் மொனொக்சைட் என்ற வாயு காற்றில் இருந்தால் அது கத்தும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கி, விட்டால் கொன்றுவிடும்.

அன்று பொய்லரைக் கழற்றிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு அறையாகக் கருவியோடு நடந்தார். எல்லா இடமும் பூச்சியம். வீடு சுத்தம். அதாவது காரணம் வசந்தியின் தலைக்குள்ளேதான்... அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

அண்ணையின் வான் திருத்த வேலைக்காகக் கராஜில் நின்றது. பஸ்ஸில்தான் வந்திருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். உபகாரம் பாதி, கார் காட்டும் ஆசை பாதி. மரக்கறி வாங்க வேண்டும் என்று வசந்தியும் ஏறினாள்.

மற்ற நாட்களில் என் பக்கத்து யன்னலைத் திறந்து, முழங்கையை வெளியே விட்டுக்கொண்டுதான் ஓட்டுவேன். வசந்தியின் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. அதைப் பிடிக்கும் ரப்பர் இறுகிப்போய்விட்டது. அன்று மழைக்காக என் பக்கத்தையும் மூடினேன்.

பத்து நிமிடம்தான். கருவி கத்தியது.

மதில் ஓரத்தில் நின்று சிவம் அண்ணை கருவியில் தெரிந்த இலக்கத்தை எனக்குக் காட்டினார். பிறகு வசந்தியைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் காரிலை ஏறினாப் பிறகுதானே தலையிடிக்கிறது?"

வசந்தி ஓம் என்று தலையாட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மழையில் அழுதாளா, தெரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்:

"எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் என்னைவிட அந்தக் காரைத்தான் நம்பினனீங்கள்."

 

டாக்ஸி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். இரத்தத்தில் அந்த வாயு இருந்தது. நல்லவேளை, ஆபத்தான அளவுக்கு இல்லை. என்னையும் சோதித்தார்கள், எனக்கும் கொஞ்சம் இருந்தது! ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வரும் அசதியை நான் ஆட்டிறைச்சிக் கறியின் கணக்கில் போட்டிருந்தேன். கார் பக்கம் போகாமல் இருந்தால் தலைவலி நின்றுவிடும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். ஸ்கானையும் விடவில்லை, எடுத்தோம். ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. வசந்தி அதை இரண்டுமுறை வாசித்தாள். பிறகு சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அரிசி கழுவப் போனாள். நான்தான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

காரை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். விற்றுவிடுவோம் என்றேன். வசந்தி மறுத்துவிட்டாள். இந்த நிலையில் விற்றால் வாங்குகிறவனுக்கும் ஒரு மனுசி இருப்பாள்தானே என்றாள்.

சிவம் அண்ணை வந்து தரைவிரிப்பைத் தூக்கினார். கியர் ரப்பரை விரலால் அமர்த்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேலே பளபளப்பு, அடியில் மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு. வயர் வரும் ஓட்டைகளில் ரப்பர் வளையங்கள் பாதி உதிர்ந்து, இரும்பு விளிம்பில் வயர் உரசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நெருப்பே பிடித்திருக்கும். கீழே சைலன்சர் குழாயின் மூட்டில் ஒரு கசிவு. அந்தப் புகையும், அதோடு மணமில்லாத அந்த வாயுவும் இந்த வெடிப்புகளால் நேரே உள்ளே. நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றால் தேவையில்லை என்று நானாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கராஜில் குழாயைச் சரிசெய்தோம். ரப்பர் எவ்வளவு நல்லது என்றாலும் கசிவை நிறுத்தினால்தான் வேலை முடியும் என்று அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு ரப்பர்கள். ஒன்று விடாமல் புதியவை.

புது ரப்பர் முரண்டு பிடிக்கும். சுடுதண்ணியில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சவர்க்காரத் தண்ணி பூசித்தான் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து நான் மல்லுக்கட்டியதை வசந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல் போகாத ஓர் இடம். கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

"தள்ளும். உம்மட விரலுக்கு அது ஏலாது."

கலியாணமாகி இத்தனை வருடமும் 'நீங்கள்' என்றே பேசியவள் என்னை 'நீர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோபமா, செல்லமா? கேட்கத் துணிவில்லை. வளையம் 'டப்'பென்று உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிறு நானும் அண்ணையும் யன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்த்தோம். கருவி வாயைத் திறக்கவில்லை. அதேமாதிரி ஒன்று இப்போது காரிலேயே இருக்கிறது.

போன சனிக்கிழமை வசந்தி தானாகவே வந்து ஏறினாள். சௌத்எண்ட் கடற்கரைக்குப் போவோம் என்றாள். அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். பாதி வழியில் பேச்சைக் காணோம். திரும்பிப் பார்த்தால் தலை சாய்ந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது.  கருவியைப் பார்த்தேன் - பூச்சியம். ஆனாலும் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன? சும்மா நித்திரை கொண்டனான். மனுசரை நித்திரை கொள்ள விடமாட்டியளோ?"

சௌத்எண்ட் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு தரம் எழுப்பினேன். மூன்றாம் தரம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. அவ்வளவு நிம்மதியான ஏச்சு!