நாலாவது பெயர்

ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஆனந்தராஜாவுக்கு லண்டன் நோர்பரியில் ஒரேயொரு சிநேகிதர்தான். அவரும் செத்து இருநூறு வருடம் ஆகப்போகிறது என்பதுதான் மனைவி தவநாயகிக்குக் குறை.

நதானியேல் விட்காம் என்ற அந்த வெள்ளைக்காரரும் சத்திரவைத்தியர். கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியை வைத்துவிட்டுக் குதிரையில் அலைந்து, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஓடை எங்கே திரும்பியது என்று இந்தப் பகுதியின் சரித்திரத்தை எழுதினவர். ஆனந்தராஜாவின் கையும் நடுங்கியது. வேலையை விட்டபின் ஒரு குளிர்காலம் முழுக்க யன்னலடியில் பேசாமல் இருந்த மனிதர், நூலகத்தில் விட்காமின் புத்தகம் கிடைத்த பிறகுதான் வாய் திறந்தார். அதற்காகவே தவநாயகி அந்தச் சிநேகிதரைப் பொறுத்துக்கொண்டாள்.

காலையில் இருவரும் ஓடைக்கரையால் நடப்பார்கள். "இதிலைதான் குதிரைக்குத் தண்ணி காட்டினவர்," என்பார் ஆனந்தராஜா, விட்காமை நேற்றுக் கண்டவர்போல. பஸ் தரிப்பிடமும் கோழிக்கடையும் பனிப்புகாருக்குள் கரைந்துபோக, அவளுக்கும் சில நேரம் ஈரக் குதிரையின் மணம் வரும். வெளியே சொன்னதில்லை. வீட்டில் ஒராள் கனவு கண்டால் மற்ற ஆள் உலை வைக்கத்தானே வேண்டும்.

ஒருநாள் தேவாலய முற்றத்தில் விட்காமின் சாய்ந்த கல்லறைக் கல்லில் அறிவித்தல் ஒன்று கட்டியிருந்தது: உறவினர் எவரும் வராவிட்டால் கல் அகற்றப்படும்.

மறுநாள் ஆனந்தராஜா நடக்க வரவில்லை. திரும்பவும் யன்னலடி.

"அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை, நாயகி. ஆர் வரப்போகினம்?"

தவநாயகி யன்னல் திரையை இழுத்து மூடினாள். கோட்டை மாட்டினாள்.

"எழும்புங்கோ. போய்க் கேப்பம்."

"என்னெண்டு கேக்கிறது? நாங்கள் அவருக்கு ஆர்?"

"ஆடி அமாவாசைக்கு ஈலிங் கோயிலிலை ஐயர் அப்பா, அப்பப்பா, பூட்டன்ரை பேர் கேக்க, நாலாவதா ஆரின்ரை பேரைச் சொன்னனீங்கள்? எனக்குக் காது கேக்காதெண்டு நினைச்சியளோ?"

கள்ளம் பிடிபட்டவர்போல் அவர் நிலத்தைப் பார்த்தார். "பாவம் மனுசன். கொஞ்ச எள்ளுந் தண்ணியுந்தானே."

தேவாலயத்தில் பாதிரியார் ஓர் இளம்பெண். "நீங்கள் குடும்பமா?" என்று கேட்டார். ஆனந்தராஜா தவநாயகியைத் திரும்பிப் பார்த்தார்.

"குடும்பம்தான்," என்றாள் தவநாயகி, தன் ஆங்கிலத்தில். "வருடா வருடம் இவர்தான் அவருக்குத் தண்ணீர் விடுகிறார். எங்களில் அது மகன் செய்யிற வேலை."

பாதிரியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மகன் என்றால் கல்லை நிமிர்த்துவதும் புல் வெட்டுவதும் உங்கள் பொறுப்பு."

"ஓம்," என்றார் ஆனந்தராஜா, தமிழிலேயே.

வரும் வழியில்தான் அவருக்குக் கவலை பிடித்தது. "மேசன் பிடிக்கவேணும். நீர் யோசிக்காமல் சொல்லிப்போட்டீர்."

"மாமனார் எண்டால் கரைச்சல்தானே. உங்கடை அப்பாவோடை நான் படாததே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓடைக்கரையில் பனிப்புகார் இறங்கிக்கொண்டிருந்தது. தவநாயகி அவரின் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தாள்.

"ஒதுங்குங்கோ, குதிரை வருது."

அவர் ஒதுங்கிக் குதிரைக்கு வழி விட்டார்.