உஸ்தாத் கூப்பிட்ட பெயர்

அலுவலகத்தில் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பையனுக்குக் கிரிக்கெட் ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கோச் போதுமா, தனியாக ஒருவரை வைக்க வேண்டுமா? சின்ன வயதில் பஹ்ரைனில், மனாமாவில் பள்ளி அணிக்கு ஆடினவன் என்று எப்போதோ நான் பீற்றிக்கொண்டதன் பலன் இது. இரண்டு பேரிடமும் கற்றவன் என்ற தோரணையில் ஏதாவது சொல்லி வைப்பேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோச் இல்லை, அம்மா.

பள்ளிக்கூடத்துக் கோச் என்றால் எங்களுக்குப் பி.டி. சார். நாகர்கோவில்காரர், அந்த வருடம்தான் பஹ்ரைனுக்கு வந்திருந்தார். அசெம்பிளியில் வரிசை பார்ப்பது, தாமதமாக வருகிறவனைப் பிடிப்பது, வாலிபால், கால்பந்து, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். நாற்பது பையன்களுக்கு ஒரு நெட், ஆளுக்கு ஆறு பந்து. ஆறு பந்தில் ஒருத்தனுக்கு என்னத்தைக் கற்றுக்கொடுப்பது? அதனால் தைரியத்தை மட்டும் கற்றுக்கொடுத்தார். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் கேண்டீன் சுவர் ரொம்பக் கிட்டே இருந்தது. குறுக்காக மட்டையை வீசி இழுத்தால் பந்து சுவரில் மோதி நான்கு ரன். "யோசிக்காதலே மக்கா, இழுத்துச் சாத்துலே!" இதுதான் அவருடைய மொத்தப் பாடத்திட்டம். முட்டை போட்டுவிட்டுத் தலை குனிந்து வந்தாலும் முதுகில் தட்டி, டிபன் பாக்ஸில் இன்றைக்கு என்ன என்று கேட்பார். அவருக்காக நாங்கள் உயிரையே விடுவோம்.

ஆனால் கேண்டீன் சுவர் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கவில்லை. வெளி மைதானத்தில் ஆடிய இரண்டு மேட்சிலும் நான் இழுத்துச் சாத்தினேன். இரண்டிலும் ஸ்டம்ப்தான் பறந்தது. பி.டி. சாருக்கே சங்கடமாகிவிட்டது. "அடுத்த மேட்சுல நின்னு ஆடிரணும் மக்கா. இல்லன்னா உன் இடத்த வேற ஒருத்தனுக்குக் குடுக்கணும்லே" என்றார். அப்போது நான் ஏழாம் வகுப்பு. அணியின் நீலத் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்றாதவன். அதைத் திருப்பிக் கொடுப்பதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பாவுக்கு உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே மருந்து டியூஷன். கணக்குக்கு ஒருவர், இந்திக்கு ஒருவர் என்று ஏற்கெனவே வைத்திருந்தார். கிரிக்கெட்டுக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் குடியிருந்த குதைபியாவில் லாண்டரி வண்டி ஓட்டுகிற பாகிஸ்தான்காரர். ஒரு காலத்தில் சியால்கோட்டில் பெரிய ஆட்டக்காரராம். பையன்கள் நாங்கள் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்போம். வெள்ளிக்கிழமை காலை, மண் மைதானத்தின் நடுவே சிமெண்டுத் தளத்தில் பச்சைப் பாயை விரித்து நான்கே பேருக்குக் கற்றுத்தருவார்.

பி.டி. சார் எதையெல்லாம் செய்யச் சொன்னாரோ அதையெல்லாம் உஸ்தாத் மறக்கச் சொன்னார். முதல் வெள்ளிக்கிழமை பந்தையே கண்ணில் காட்டவில்லை. மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, நேராக முன்னால் கொண்டுவர வேண்டும். அதையே நூறு முறை. என் கை பழக்கதோஷத்தில் குறுக்கே போகும். உடனே மைதானமே அதிரக் கத்துவார்: "சீதா! சீதா! அரே பேட்டா, சீதா!"

அப்பாவுக்கு அன்று டூட்டி என்பதால் துணைக்கு வந்தது அம்மா. ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து, மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பயிற்சி முடிந்ததும் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மதியம் சாப்பாட்டின்போது அப்பாவிடம் வெடித்தாள். "இனிமே இவன அங்க அனுப்பாதீங்க. அந்தாளு எம்பேரச் சொல்லிக் கத்துறான்! ஒரு தடவையா ரெண்டு தடவையா? நாலு பேரு பாக்குற எடத்துல!"

அம்மாவின் பெயர் சீதா. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது பாஸ்போர்ட்டிலும் பள்ளி விண்ணப்பத்திலும் எழுதுகிற ஒரு சொல். அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சாம்பார் புரை ஏறிவிட்டது. சிரிப்பும் இருமலுமாகத் தலையில் தட்டிக்கொண்டார். "ஐயோ, அது உன் பேரு இல்லம்மா. இந்தியில சீதான்னா நேருன்னு அர்த்தம். மட்டைய நேராப் புடிடான்னு சொல்லிருக்காரு."

குதைபியாவின் மலையாளக் கடைகளிலேயே எட்டு வருடத்தை ஓட்டிவிட்ட அம்மாவுக்கு இந்தி தேவைப்பட்டதே இல்லை. "ஓ" என்றாள். அப்பளத்தை எடுக்கப் போகிறவள்போல அடுக்களைக்குள் போய்விட்டாள். ரொம்ப நேரம் வரவில்லை. என் கிரிக்கெட் பிழைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு. அவரே கூட்டிப்போவதாகச் சொன்னார். "நீங்க தூங்குங்க, நான் போறேன்" என்று அம்மா எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிளாஸ்க்கில் உஸ்தாதுக்கும் சேர்த்து டீ வந்தது. கொஞ்சநாளில் என் மட்டை குறுக்கே போனால் உஸ்தாதுக்கு முன்பே அம்மா உச்சுக்கொட்டுவாள். வீட்டில் ஒரு கிரிக்கெட் பைத்தியம் போதாதா என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

மேட்ச் வந்தது. வேறொரு பள்ளியின் மைதானம், சுவர் என்ற பேச்சே இல்லை. ஒரு பக்கம் பி.டி. சார் விசிலோடு நின்றார். இன்னொரு பக்கம் உஸ்தாத், வாசலில் லாண்டரி வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் எல்லைக்கோட்டு ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வெற்றிக்குப் பதினைந்து ரன் இருக்கும்போது நான் இறங்கினேன். "சாத்துலே மக்கா!" என்று ஒரு குரல், "சீதா!" என்று ஒரு குரல். என் மட்டை இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்துக் கோணலாக எங்கேயோ போனது. ஒன்றும் இரண்டுமாக ரன் வந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் பி.டி. சார் அம்மாவிடம் போய்க் கேட்டாராம். "அம்மா, யாரு இந்தச் சீதா? அந்த அண்ணாச்சி விடாம விளிச்சிட்டே நிக்காரு. பிள்ளயக் காணலியோ?"

"நான்தான் சார்" என்றாளாம் அம்மா. அப்பா இதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறார்.

கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை. அந்த நேரம் பார்த்து உஸ்தாதுக்கு போன் வந்தது. யாருக்கோ அவசரமாகத் துணி வேண்டுமாம். என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு வண்டிக்கு ஓடினார். இனி ஒரே குரல்தான். அதற்குக் கட்டுப்பட்டு இழுத்துச் சாத்தினேன். காற்று. இன்னொன்று. அதுவும் காற்று. இப்படியே நான்கு பந்து வீணானது. தொப்பி கையைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணில் நீர் கோர்த்துப் பந்து வீசுகிறவன் இரண்டாகத் தெரிந்தான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மெல்லிய குரல், ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்தது. "சீதா! சீதா! டேய், சீதா!"

நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு அம்மா தன் பெயரைத் தானே கத்திக்கொண்டிருந்தாள். அப்பா அண்ணாந்து அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மட்டையை நேராகக் கொண்டுவந்தேன். பந்து வீசினவனின் காலைத் தாண்டி, காய்ந்த மண்ணில் உருண்டு, கோட்டைக் கடந்தது. நான்கு ரன்!

கடைசிப் பந்துக்கு இரண்டு ரன். அது குட்டையாக விழுந்து எழும்பி வந்தது. யோசிக்கவில்லை, பி.டி. சார் சொன்ன மாதிரியே குறுக்காக இழுத்துச் சாத்தினேன். ஆள் இல்லாத இடத்தில் போய் விழுந்தது. ஓடினோம், ஓடினோம், ஜெயித்தோம். பி.டி. சார் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று ஆடினார். அந்த நாலு ரன்னைப் பற்றி அவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. உஸ்தாதோ, அடுத்த வெள்ளிக்கிழமை, அந்தக் கடைசி இரண்டு ரன் குறுக்கு மட்டையில் வந்தது என்று கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சோபாவில் சாய்ந்து, "சீதா, ஒரு டீ போடுறியா?" என்றார். அம்மா ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்போது எனக்கும் கல்யாணமாகி, இதே வளைகுடாவில் குடித்தனம் நடத்துகிறேன். இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்: அந்த மேட்ச் நாள்வரை அப்பா அம்மாவை "இந்தா", "இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டு வந்தார். அக்கம்பக்கத்தாருக்கு அவள் என் அம்மா. அப்பாவின் அலுவலக விருந்துகளில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு மிஸஸ். ஊரிலிருந்து வரும் போனில்கூடப் பாப்பா. எட்டு வருடமாக அவள் பெயர் அலமாரிக்குள் பாஸ்போர்ட்டில் கிடந்தது. உஸ்தாதோ தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே, வாரம் தவறாமல் திறந்தவெளியில் அதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம், அம்மா என் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.