பொட்டு வைத்த துவக்கு

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வயிறு எரிந்தது. கிளென் வேவர்லியில் நண்பன் வாங்கிய புது வீட்டுக் குடிபூரலன்று, முன்னறைக் கண்ணாடி அலுமாரிக்குள் என்னுடைய கைத்துப்பாக்கி இருந்தது. என்னுடையது என்று இப்போது நான் மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம். கொழும்பில் நாங்கள் இருவரும் ஒரே கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், எனக்குக் கலியாணம் பேசிவந்த வீட்டார், "தம்பிக்குப் பொம்பிளை வேணுமோ, துவக்கு வேணுமோ?" என்று கேட்டார்கள். ஆசையாகச் சேர்த்த பழைய கைத்துப்பாக்கிகள் எல்லாவற்றையும் அவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாலி கட்டினேன். மற்றவற்றை விற்றுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் அவன் மெல்பேர்ன்வரை கொண்டுவந்திருக்கிறான். எட்டுப் பட்டைக் குழல், தேய்ந்து மினுங்கும் மரப்பிடி. சுடுகிற சாமான் அல்ல, பார்த்துக்கொண்டே இருக்கிற சாமான்.

"மச்சான், கிளப்பிலை இதுக்குத்தான் முதல் பரிசு," என்றான் வடையைக் கடித்தபடி.

எனக்கு வடை இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கே டண்டினோங்கில் இருந்த அந்தச் சேகரிப்பாளர் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன். "இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி. ஓம், விசர்தான். ஒரு பழைய கைத்துப்பாக்கி வாங்கினேன், பிறகு இன்னொன்று. கூட்டத்தில் எனக்கென்று ஒரு மேசையில் பச்சைத் துணி விரித்துப் பரப்பினேன். வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு 'நைஸ்' சொல்லிவிட்டு அவனுடைய மேசையைப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். வெட்கத்தை விட்டு, அதைத் திருப்பித் தருவாயா என்று கேட்டேன்.

"போடா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறாய்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்கள், தையல் மெஷின், கார்ச் சாவி, நடுநாயகமாக என் கைத்துப்பாக்கி. அவன் மனைவி குழலின் மேல் சந்தனத்தைக் குளிரக் குளிர அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அந்தப் பொட்டின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என்னுடையவற்றுக்கு என் வீட்டில் ஒரு பூக்கூட வைத்ததில்லை.

பூசையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பது வழக்கம். அவர்களோ மறுநாள் விடிய அவசரப்பட்டு, எதையும் எடுக்காமலே பிளேன் ஏறிச் சிட்னிக்குத் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்ததும் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், துலைஞ்சுது. வந்து பார்."

காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிய இடத்தில், வட்டமாகத் துரு இரும்பைத் தின்றிருந்தது. தேய்த்தால் இன்னும் கெடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"கண்டறியாத துவக்கு. நீயே கொண்டு போ, எனக்கு இனி இதைப் பாக்கேலாது," என்று சலித்துக்கொண்டான்.

"ஐயோ, பாவம்," என்று வாய் சொன்னது. உள்ளே எனக்குச் சீனவெடி வெடித்தது.

அடுத்த கூட்டத்தில் முதன்முறையாக என் மேசையைச் சுற்றிச் சனம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குனிந்து பார்த்து, இதென்ன வட்டமான தழும்பு என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து அவன் வந்துவிட்டான். அது தன் மனைவி பார்த்த வேலை என்று ஆரம்பித்து, சரஸ்வதி, தையல் மெஷின், கார்ச் சாவி, சிட்னி என்று ஒன்றுவிடாமல் சொன்னான். மற்ற மேசைக்காரர்களும் எழுந்து வந்தார்கள். யாரோ அவனுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். கிழவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

நான் கைத்துப்பாக்கியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், பொட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடி. அவைக்கு வடிவாத் தெரியேல்லை," என்றான்.

பிடித்தேன்.