கடல் தட்டின நாள்

இத்தனை வயதாகியும் அந்த விளக்குச் சிமினி விஷயத்தில் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவசங்கீர்த்தனம் கேட்ட சுவாமியாரும் போய்விட்டார். என்றாலும் சொல்கிறேன், அதை நான் உடைக்கவில்லை.

கடலோரக் குருநகரில் எங்கள் வீடு. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குமுன், எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை முற்பகல் அந்தோனியார் சுருவத்துக்கு, சிலைக்கு, முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பாரவண்டி ஒன்று வீட்டுக்குள்ளேயே வந்து போனதுபோல் நிலம் நடுங்கியது. தட்டில் இருந்த விளக்கு சரிந்து, சிமினி விழுந்து நொறுங்கியது. பின்வளவில் அம்மா உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை போடுகிறவருக்குக் காலடி நிலம் எந்நேரமும் அதிரத்தானே செய்யும்? ஓடிவந்து பார்த்தாள். உடைந்த கண்ணாடியும் நானும்தான் இருந்தோம்.

நிலம் ஆடியது என்றேன். உடைத்ததற்கு ஓர் அடி, பொய்க்கு இரண்டு அடி. அத்தோடு விட்டாளா? சுருவத்துக்கு முன் பொய் சொல்வது பெரும் பாவம் என்று பின்னேரம் கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நிறுத்தினாள். செய்யாத குற்றத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? ஆனால் அம்மா வாசலிலேயே நின்றாள். நிலம் ஆடியதென்று பொய் சொன்னேன் சுவாமி என்று, உண்மையைப் பொய்யாக்கிச் சொல்லிவிட்டேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன் என்று சுவாமியார் வாக்கு வாங்கிக்கொண்டு, பத்து அருள்நிறைந்த மந்திரம் அபராதமாகத் தந்தார். பத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

பொழுதுபட அப்பா போன வள்ளம் கரைக்கு வந்தது. அன்று சுக்கான் பிடித்தவர் சித்தப்பா. சம்மாட்டியார், அதாவது வள்ளங்களின் சொந்தக்காரர், புதிதாகக் கட்டிய வள்ளத்துக்கு சித்தப்பாதான் தண்டயல், வள்ளத்தை நடத்துகிறவர், என்று முடிவாகியிருந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வள்ளத்தின் அடியில் பெரிய குத்து ஒன்று விழுந்ததாம். பட்டப்பகலில் வள்ளத்தைக் கடலடிப் பாறையான பாரில் ஏற்றினவனுக்குப் புது வள்ளமா என்று அப்பா முற்றத்தில் நின்று கத்தினார்.

"அண்ணை, தரை தட்டேல்லை. அந்த இடத்திலை பாரே இல்லை. கடல்தான் எங்களைத் தட்டினது" என்றார் சித்தப்பா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். முற்பகல் கரையில் யாருக்காவது ஏதும் தெரிந்ததா என்று சித்தப்பா எங்களிடம் கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினாள். சிமினி அவள் ஞாபகத்துக்கு வரவேயில்லை. என்னையும் பார்த்தார். நானோ சற்று முன்தான் பாவம் கழுவிவந்தவள், விடிந்தால் பூசையில் நன்மை எடுக்க, நற்கருணை வாங்க, வேண்டும். திரும்பச் சொன்னால் நரகம். என்னைப் பொய்க்காரி என்றவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்ற வீம்பும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிவதற்குள் சித்தப்பாவுக்குக் 'கடல் தட்டி' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை புது வள்ளம் வேறொருவர் கைக்குப் போனது.

புதன்கிழமை மாலை எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்லும்போது நிலம் மறுபடி நடுங்கியது. முதல் தரத்தைவிடச் சிறிதுதான். புதுச் சிமினி கிணுகிணுத்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அம்மா சிமினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்கு ஒரு வார்த்தை? கிடையாது. அப்பா எழுந்து வெளியே போனார். அதுவரை சிரித்த ஊர் ஒழுங்கையில் கூடி நின்று, கடலடியில் பூமி அதிர்ந்திருக்கிறது என்று எல்லாம் தெரிந்ததுபோல் கதைத்தது. பட்டத்தை மட்டும் ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை. வள்ளத்தையும்தான்.

சித்தப்பா முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போகப் பெட்டி கட்டினார். விடைசொல்ல வந்தவர் என் அருகில் குந்தினார்.

"அண்டைக்கு உனக்குத் தெரிஞ்சதோ பிள்ளை?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பாவசங்கீர்த்தனத்திலை அதைப் பொய் எண்டு சொல்லிப்போட்டன்."

என் தலையைத் தடவி, "சரி, இதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றுவிட்டு எழுந்தார்.

எனக்காக நியாயம் கேட்பார் என்று பார்த்தால், இவரும் வாயை மூடச் சொல்கிறார்! படலைவரை பின்னால் ஓடி, சொல்லாத பொய்க்காகச் சொன்ன பத்து மந்திரத்தையும் யார் திருப்பித் தருவது என்று கேட்டேன். அவர் திரும்பாமல் நடந்தார். நான் பொருமிக்கொண்டு நின்றேன். அந்த வள்ளம் போனதற்கு என்னை யாரும் குற்றம் சொல்லிவிடக்கூடாது என்றுதான் வாயை மூடச் சொன்னார் என்பது விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.