வெற்றுக்காணி

வேலை செய்யும் கந்தோரில் யாரோ கொண்டுவந்த பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டியதும் நினைவில் எங்கள் ஊர் இறக்கக்கண்டிப் பற்றைக்காட்டுக்குள் போய்விட்டேன். பாலையும் வீரையும் சூரையும் நெருங்கி நின்ற அந்தக் காட்டில் கடலிரைச்சல் இலைகளுக்குள் வடிந்து மெல்லிதாகத்தான் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கூட்டாளி நஸீமாவும் அங்கே பழம் பொறுக்கப் போவோம். ஒருநாள் சூரைமுள் என் பின்னலையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நான் அழுதேன்.

"இழுக்காத, ஒவ்வொண்டா எடுக்கிறன்," என்று பொழுதுசாயும்வரை அவள் முள் முள்ளாக எடுத்துவிட்டாள்.

காணித் திட்டமிடலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் காட்டுக்கான படிவத்தை நிரப்பியது நான்தான். வயல், தோட்டம், குடியிருப்பு, வெற்றுக்காணி என்று நான்கு கட்டங்கள்.

"காடு எண்டு எழுதலாமா, சேர்?" என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"அப்பிடிக் கட்டமில்லையே, பிள்ளை. இருக்கிறதில ஒண்டைப் போடுங்கோ."

வேறு வழி தெரியாமல் கடைசிக் கட்டத்தில் அடையாளமிட்டேன். அடுத்த மாரிக்கு முன் இயந்திரம் விட்டுக் காட்டைத் தள்ளிவிட்டார்கள். இன்று அங்கே உல்லாச விடுதி.

போன கிழமை நஸீமாவைச் சந்தையில் கண்டேன். "அங்க ஒண்டுமே இல்லையெண்டு ஆரோ எழுதிக் குடுத்தாங்களாம்," என்றாள்.

"ஓம், நானும் கேள்விப்பட்டனான்," என்றேன்.