காவடிப் பாதையில் மீன் சாப்பிட்டவள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறேன் என்று நான் சொன்னதும் பெரம்பூரில் எங்கள் சர்ச் சபையில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மீதிப் பேர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டது முருகன் இல்லை, என் நாத்தனார் ஸ்டெல்லாதான் என்று ஒவ்வொருவரிடமாக விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஸ்டெல்லா என் வீட்டுக்காரரின் தங்கை. நர்ஸ். கல்யாணமாகித் திருத்தணிப் பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்குப் போனவள். வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறவர்களுக்கு, அவள் சபையார் ஏழெட்டுப் பேர் சாலையோரம் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள், காலைக் கழுவி மருந்து போடுவார்கள். "இந்த வருஷம் கை பத்தல அண்ணி, வாங்களேன்" என்று போனில் அவள் கேட்ட நிமிஷமே நான் பையை எடுத்துவிட்டேன். எனக்கு ஊர் சுற்றக் காரணம் கிடைத்தால் போதும். அதோடு ஊழியமும் சேர்ந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

திங்கட்கிழமை விடியற்காலை பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினேன். திருத்தணிக்கு டிக்கெட் இருபது ரூபாய். அந்தக் காசுக்கு இவ்வளவு மஞ்சளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திருவள்ளூரில் மஞ்சள் வேட்டிகள் ஏறின, மணவூரில் மஞ்சள் புடவைகள் ஏறின. அரக்கோணம் தாண்டும்போது பெட்டியில் மஞ்சள் இல்லாதவள் நான் ஒருத்திதான். மடியில் சாமந்திக் கூடை வைத்திருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க மலைக்குதானே?" என்றார். "இல்லீங்க, மலைக்குப் போறவங்களப் பாக்கப் போறேன்" என்றேன். அவர் அதை ஒரு நல்ல வேண்டுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

திருத்தணி நிலையத்தில் இறங்கியதும் கூட்டம் என்னை வெளியே கொண்டுபோய் விட்டது. நான் நடந்ததாக நினைவில்லை. எதிரே மலை, அதன்மேல் கோபுரம், பாதை முழுக்க பம்பை உடுக்கைச் சத்தம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டெல்லாவின் கணவர் தேவராஜ் தன் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தார். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அவர்கள் சபைக்குச் செயலாளரும் அவர்தான்.

"வாங்க அக்கா. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லதான், ஆனா இன்னிக்கு எல்லாத்தையும் சுத்தி உடறாங்க. நம்ம வண்டிலயே போலாம்" என்றார்.

ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். எதிரே காவடிகள் வந்துகொண்டே இருந்ததால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு நிமிஷம்கூட எனக்கு அலுக்கவில்லை. கழுத்து வலிக்கிற அளவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பந்தல் புளியமரத்தடியில் இருந்தது. சபையின் பெயரைப் போட்டு ஒரு பேனர்கூட இல்லை. ஒரு பக்கம் மோர்ப் பானைகள், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வெந்நீர் அண்டாவும். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த கேள்வியே, "அண்ணி, நேத்து என்ன சமையல்?"

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் பிறந்தது தூத்துக்குடி. பதிலை ஊகிக்க யாருக்கும் கஷ்டம் இருக்காது. "வஞ்சிரம்" என்றேன், பெருமையாகவே.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஐயோ, சொல்ல மறந்துட்டேன். அப்ப நீங்க மோர்ப் பக்கம் வேணாம். கால் பக்கம் வாங்க."

விஷயம் இதுதான். விரதம் இருந்து வருகிறவர்கள் கவிச்சி சாப்பிட்ட கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். அதனால் மோர் கொடுக்கிற எல்லோரும் ஆடி பிறந்ததிலிருந்து கறி, மீன், முட்டை தொடுவதில்லை. சபையில் கூடிப் பேசி அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

"வர்றவங்க கேப்பாங்களா?" என்றேன்.

"கேக்க மாட்டாங்க அண்ணி. நம்பி வாங்கிக் குடிப்பாங்க. அதனாலதான் நாம சரியா இருக்கணும்."

இப்படியாக நான் வஞ்சிரத்தின் புண்ணியத்தில் கால் பக்கம் வந்து சேர்ந்தேன். எங்கள் சபையில் பெரிய வியாழனன்று போதகர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுச் செருப்பில் வந்த கால்கள். இங்கே வந்த கால்கள் வேறு. தார் ஒட்டியது, வெடித்தது, கொப்புளம் உடைந்து தோல் தொங்குவது. முதல் காலைத் தொடக் கொஞ்சம் தயங்கினேன். பத்தாவது காலுக்குப் பிறகு நான் கால்களைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஸ்டெல்லாவிடம் அளக்க ஆரம்பித்துவிட்டேன். காவடி எடுக்காதவர்கள், பால்குடத்தை உறவுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்று நாற்காலிகள் காலியாகவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்து நாளாயிற்று.

பதினோரு மணி வாக்கில்தான் முனிரத்தினம் வந்தார். ஆர்.கே.பேட்டை பக்கத்து விவசாயி, ஐம்பது வயது இருக்கலாம். தோளில் பெரிய பூக்காவடி. அவர் வந்த வழியெல்லாம் தாரில் சிவப்பாகப் புள்ளி வைத்திருந்தது. குதிகாலில் பாட்டில் கண்ணாடி.

"கட்டு மட்டும் போட்டு உட்ருங்கம்மா. நான் போய்க்கினே இருக்கணும்" என்றார்.

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். "கண்ணாடி உள்ள நிக்குது. எடுக்காம அனுப்ப முடியாது. உக்காருங்க."

"உக்காரணும்னா காவடிய எறக்கணும். எறக்கக் கூடாதுங்க. வூட்டாண்ட தூக்குனா மலைமேலதான் எறக்கணும், எங்க ஊர் வழக்கம்."

அப்போது கூட வந்தவர் குறுக்கிட்டார். முனிரத்தினத்தின் அக்கா கணவர். அவர் தோளிலும் ஒரு காவடி. "வெரதத்துல இருக்கறவங்க யார்னா தோள் மாத்திக்கலாம் மச்சான்" என்றார்.

"யாரு கீறாங்க பாவா? உன் தோள்ல ஒண்ணு கீது. மத்தவங்க முன்னாடி பூட்டாங்க."

அந்தப் பாவா பந்தலைச் சுற்றிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது நான். "அம்மா, நீங்க?"

"என்னைப் பார்க்காதீங்க" என்றேன். வயிற்றுக்குள் வஞ்சிரம் மறுபடி நீந்துவது போலிருந்தது.

மோர்ப் பக்கத்திலிருந்து தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் வாங்கிக்கறேங்க. ஆடி பொறந்ததுலேர்ந்து கவிச்சி தொடல."

"எந்தக் கோயிலுக்கு வெரதம்?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"கோயிலுக்கு இல்லீங்க. நாங்க வேதக்காரங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு வெரதம்?"

"உங்களுக்கு மோர் குடுக்கணும் இல்ல. அதுக்கு."

சபைச் செயலாளர் காவடியைத் தோளில் வாங்கப் போகிறார். நாளைக்கு யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் பாதியை நானே பேசியிருப்பேன். மோர்ப் பானைக்குப் பின்னால் நின்ற சபைப் பெரியவர் ஒருவரின் முகம் இறுகிப் போயிருந்தது. "தேவராஜு" என்று மட்டும் சொன்னார்.

"தெரியுதுங்க ஐயா. நான் கும்புடப் போறதில்ல. அவரு கால் சரியாவற வரைக்கும் நிக்கறேன், அவ்ளோதான்."

முனிரத்தினம் தேவராஜ் பக்கம் தோளைச் சாய்த்தார். காவடி கை மாறியது.

நான் காலைக் கழுவினேன், ஸ்டெல்லா இடுக்கியால் கண்ணாடியை எடுத்தாள். மூன்று துண்டுகள். முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர, கண் காவடியை விட்டு நகரவில்லை. தேவராஜ் வெயிலில் நின்றார். பந்தல் தாழ்வு, காவடி உள்ளே நுழையாது. அரை மணி நேரத்தில் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அப்போது அந்தச் சபைப் பெரியவர் பானையை விட்டு நகர்ந்து போனார். சரி, கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் குடையோடு திரும்பி வந்து, தேவராஜுக்குப் பக்கத்தில் நின்று நிழல் பிடித்தார்.

கட்டுப் போட்டு முடித்ததும் ஸ்டெல்லா, "நடக்கக் கூடாது. ஆட்டோல கொண்டு போய் மலையடிவாரத்துல விடறோம்" என்றாள்.

முனிரத்தினத்துக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது. "வண்டில போனா நான் வந்ததே வேஸ்ட்டும்மா. பொஞ்சாதிக்குப் போன வருஷம் நெஞ்சுல ஆபரேஷன். பொழச்சா நடந்தே வரேன்னு சொல்லிகீறேன். அவ பஸ்ல வந்து கொளத்தாண்ட உக்காந்துகினு கீறா. நான் வண்டில போய் எறங்கி அவ மூஞ்சில எப்டி முழிக்கறது?"

ஸ்டெல்லா யோசித்தாள். அவளுக்குள் இருந்த நர்ஸுக்கும் இன்னொருத்திக்கும் சண்டை நடப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "குதிகால ஊணக் கூடாது, நுனிக்கால்லதான் நடக்கணும். நாங்க பின்னாடியே வருவோம். அப்பப்ப நிறுத்திக் கட்டைப் பார்ப்பேன். ரத்தம் நிக்கலன்னா நீங்க என்ன சொன்னாலும் வண்டிதான். சரியா?" என்றாள்.

"ஆங், சரிங்க" என்று முனிரத்தினம் காவடியைத் தோளில் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் முழுக்க அந்த ஊர்வலம் நடந்தது. முன்னால் இரண்டு காவடி, பின்னால் மனிதர் நடக்கும் வேகத்தில் எங்கள் ஆட்டோ. தேவராஜ் ஓட்டினார், ஸ்டெல்லா மருந்துப் பெட்டியோடு, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஹாரன் அடித்த லாரிக்காரர்களையெல்லாம் நான் ஒரு கை பார்த்தேன். அவ்வப்போது முனிரத்தினம் காவடியோடு நின்றபடியே காலைப் பின்னால் மடக்குவார், லாடம் கட்டுகிற மாடு போல. ஸ்டெல்லா மண்டியிட்டுப் பார்ப்பாள். "இன்னும் நிக்கல" என்றாள் முதல் தடவை. இரண்டாவது தடவை கட்டை மாற்றி இறுக்கினாள். மூன்றாவது தடவை பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நான் ஆட்டோவுக்குள்ளிருந்து கை தட்டிவிட்டேன். "அண்ணி, சும்மா இருங்க" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக் குளத்துக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. படியில் மெலிந்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். அவர் நொண்டி வருவதைப் பார்த்து ஓடி வந்தாள். "கண்ணு எங்க கீது, ரோட்டப் பாத்து நடக்கத் தெரியாதா?" என்று திட்டினாள். திட்டி முடித்த பிறகுதான் அழுதாள். அவர்கள் மலையேறக் கிளம்பினார்கள். நாங்கள் ஆட்டோவைத் திருப்பினோம். அன்று இரவு ஸ்டெல்லா வீட்டில் ரசமும் அப்பளமும். நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய் காலை நான் பந்தலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்டிகை நிறுத்தத்தில் பஸ் நின்றது. மொட்டைத் தலையோடு முனிரத்தினமும், அவர் மனைவியும் இறங்கி நேரே பந்தலுக்கு வந்தார்கள், கட்டு மாற்ற. மனைவியின் கையில் ஒரு மஞ்சள் பை. அவர் கையில் ஒரு வெள்ளைப் பை. ஸ்டெல்லா கட்டை மாற்றி முடிக்கும்வரை அந்த வெள்ளைப் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து தேவராஜிடம் நீட்டினார்.

உள்ளே கொய்யாப்பழம். நல்ல கனிந்த பழங்கள். எனக்குத் திக்கென்றது. மலையில் சாமிக்குப் படைத்த பழமாக இருந்தால் இவர்கள் சாப்பிடமாட்டார்கள், வேண்டாம் என்றால் அவர் மனது நோகும். தேவராஜ் எப்படிக் கை நீட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினமே முந்திக்கொண்டார். "பயப்படாதீங்க. கோயிலுது இல்ல. நீங்க படைச்சதத் துன்ன மாட்டீங்கன்னு தெரியும். கீழ எறங்கனப்பறம் கடைல வாங்கி நேரா எடுத்தாந்தேன்."

அவர் மனைவி தன் மஞ்சள் பையைக் காட்டினாள். "பிரசாதம் இதுலதாங்க கீது. பஸ்ல அவ்ளோ கூட்டம், ரெண்டு பையும் ஒட்டக்கூட உடல இந்த மனுஷன். வழி பூரா பழப் பைய மட்டும் ஒசத்திப் புடிச்சுகினே நின்னுகினு வந்தாரு."

தேவராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது அதே இருபது ரூபாய். மணவூரில் கூட்டம் இறங்கி ஜன்னலோரம் கிடைத்தது. என் பங்குக்குக் கொடுத்த நான்கு கொய்யாவும் மடியில் இருந்தன. புண்பட்ட காலோடு, ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற அந்த மனிதரையே பெரம்பூர் வரை நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவிலும் எல்லாச் சாமியும் இருக்கிறது, எல்லாப் பண்டிகையும் வருகிறது. பலகாரத் தட்டுகள் வாசல் வரை வந்து போகின்றன. ஆனால் எதிர்வீட்டுக்காரர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிடமாட்டார் என்று யோசித்து யாரும் பையைப் பிரித்துப் பிடித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். மேஜையில் நான் வைத்த பழத்தை எடுத்தவர், கடிக்கப் போகும்போது நிறுத்தினார். "பிரசாதமா?"

"இல்ல. பிரசாதத்தோட ஒட்டாம ஒருத்தர் பாடுபட்டுக் கொண்டுவந்தது. சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார். நல்ல இனிப்பு என்றார். நான் அவர் இரண்டாவது பழத்தை எடுக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த வருடம் ஆடி பிறந்தால் இந்த வீட்டில் மீன் கிடையாது என்பதைச் சொன்னேன்.